பெரிய வெள்ளியில் நின்று எரிந்த நீல வெளிச்சம்

அணைத்தாள்தான். இல்லையென்று யார் சொன்னது? நேர்த்திக்கு ஏற்றிய விளக்கை றோசலின் தன் கையாலேயே பிடுங்கி அணைத்தாள். அணைத்ததை மறைக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதி முழுக்க, மாதா கோவில் வாசலிலும் டெப்பனர் என்கிற மூலைக்கடை வரிசையிலும் உடுப்புத் தோய்க்கும் இடத்திலும் நின்று கதைத்தார்களே: பிள்ளை செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளாம், பின்னறையில் வாடகைக்கு இருந்தவனோடு கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து பொழுது போக்கினவளாம், கடைசியில் மாதாவின் விளக்கையும் அணைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். இதில் விளக்கும் பெட்டியும் உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கொழுப்பு. கதைத்தவர்களில் பாதிப்பேர் அவள் கையால் பயற்றம்பணியாரம் வாங்கித் தின்றவர்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கு விரலில் காயமுதல் கதையைத் தொடங்கிவிட்டார்கள்.

றோசலின் மன்னார்க்காரி. கடற்கரையில் பிறந்தவளுக்கு மொன்றியல் பனி கடைசிவரை பிடிபடவில்லை. அவளுடைய வீடு மேல்மாடி. தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி வெளியே வெட்டவெளியில் இருந்தது. அந்தப் படியில் அவள் கோடையிலும் நேராக இறங்கியதில்லை. பக்கவாட்டாக, நண்டு போல, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். மெட்ரோவில் தனியே ஏறியதில்லை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மினுக்கும் வேலை, கோவில், வீடு என்று அவளுடைய கனடா அவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் பிடிவாதம் என்று வந்தால் அவளை அசைக்க ஆள் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

கணவன் செபஸ்தியாம்பிள்ளை முதலில் கனடாவுக்கு வந்து, பிறகு மனைவியையும் மகள் ஷெரோனையும் கூப்பிட்டு எடுத்து, கொஞ்சக் காலம் சேர்ந்திருந்துவிட்டு மாரடைப்பில் போய்விட்டார். மகன் நிஷானை மட்டும் எடுக்க முடியவில்லை. வயது கடந்துவிட்டது என்று சட்டம் சொல்லிவிட்டது. அவன் மன்னாரில் பெரியம்மா வீட்டில் நின்றான். நாட்டில் சண்டை மறுபடி மூண்டதும், ஒரு நத்தார், கிறிஸ்மஸ், முடிந்த கையோடு, ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி பாங்கொக்குக்குப் பறந்தான். அங்கிருந்து கனடாவுக்கு ஏற்றுவதாகப் பேச்சு.

அவன் விமானம் ஏறிய அன்றுதான் றோசலின் மடு மாதாவுக்கு நேர்ந்தாள். பிள்ளை இந்த வீட்டு வாசலை மிதிக்கும்வரை மாதா சுரூபத்துக்கு முன்னால் விளக்கு அணையாது என்று. முதலில் மெழுகுதிரிதான். இரண்டாம் நாளே புகை மணி அலறி, கீழ்வீட்டுச் சனமெல்லாம் தெருவில் இறங்கி நிற்க, வீட்டுச் சொந்தக்காரன் வந்து இனி நெருப்பு வைத்தால் வீட்டைவிட்டு எழும்பவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் அருமைநாதன் உதவிக்கு வந்தான். பின்னறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துக்காரன். நாற்பதைத் தொட்டவன், மனைவி இன்னும் ஊரில். விடியற்காலையில் வான் ஓட்டிக் கடைகளுக்குப் பேக்கரிப் பாண் கொடுத்துவிட்டு மத்தியானத்தோடு வீடு திரும்புவான். றோசலினை 'அக்கா' என்பதைத் தவிர வேறு சொல்லால் அழைத்ததில்லை. பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கிய சின்னக் கொம்பியூட்டர் ஒன்று அவனிடம் இருந்தது. சோற்றுப்பெட்டி அளவுதான் இருக்கும். அதில் வின்டோஸ் கிடையாது, லினக்ஸ். ஊரிலிருந்து மனைவியின் அழைப்பு எந்நேரமும் அதில் வரலாம் என்பதால் இரவு பகலாக அணைக்காமல் ஹோலில், மாதா சுரூபம் இருந்த மேசையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா, இது எப்பவும் எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். இதிலையே ஒரு விளக்கைக் குத்திவிட்டால் மாதாவுக்கும் எரியும்" என்றான்.

பெட்டியில் வயர் குத்த இருந்தது இரண்டு யூஎஸ்பி துளை. ஒன்று எப்போதோ முறிந்துபோனது. மற்றதில், ஒரு துளையை நாலாக்கும் கட்டை ஒன்றைப் பொருத்தி, எழுத்துப் பலகைக்கு ஒன்று, மவுஸ் எலிக்கு ஒன்று, மூன்றாவதில் சின்னச் சிவப்புப் பல்பு விளக்கு ஒன்று குத்தினான். பழைய மாதிரி, தொட்டால் சுடுகிற பல்பு. றோசலின் முழங்காலில் இருந்து கும்பிட்டாள். அன்று தொட்டு அது கொம்பியூட்டரின் விளக்கு இல்லை, மாதாவின் விளக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கஷ்டமும் இதில்தான் இருந்தது.

நிஷான் மாதத்துக்கு இரண்டு மூன்று தரம் அழைப்பான். கார்த்திகை பிறந்ததும் அழைப்பு நின்றது. இவர்கள் எடுத்தாலும் அவனுடைய போன் உயிரில்லாமல் கிடந்தது. நத்தார் வந்து போனது, ஒரு சத்தமும் இல்லை. தவக்காலம் தொடங்கிய கிழமை, ஜெனாட் என்கிற பொடியன் கோவிலில் விசாரித்து வீடு தேடி வந்தான். அவனும் மன்னார், அவனும் பாங்கொக்கில் கிடந்து ஒருவழியாக மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவன். சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தான். நிஷானுடையது. திரை வெடித்துக் கறுத்துப்போயிருந்தது.

"அன்ரி, நான் கண்ணாலை காணேல்லை. நான் வேறை இடத்திலை இருந்தனான். கார்த்திகையிலை கடும் காய்ச்சல் எண்டு அம்புலன்சிலை கொண்டுபோனவங்களாம். ஆள் முடிஞ்சுதாம்."

ஷெரோன் வீரிட்டு அழுதாள். றோசலின் அழவில்லை. நின்ற இடத்தில் நின்று, பொலிஸ்காரி மாதிரிக் கேட்டாள்.

"முடிஞ்சுது எண்டு உனக்குச் சொன்னது ஆர்?"

"அந்த அறையிலை இருந்த பெடியள்."

"அவங்கள் சவத்தைக் கண்டவங்களோ?"

ஜெனாட் நெற்றியைத் தேய்த்தான். "அவங்கள் பேந்து வந்து குடியிருந்தவங்கள் அன்ரி. அவங்களுக்கு முந்தி இருந்தவங்கள் சொல்லிப்போட்டுப் போனதாம்."

"அப்ப ஒருத்தரும் காணேல்லை" என்றாள் றோசலின். குசினிக்குப் போய் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ஊர் அதிர்ந்தது இந்தத் தேத்தண்ணிக்குத்தான். மகன் செத்த செய்தி கொண்டுவந்தவனுக்குச் சீனி அளவு கேட்டுத் தேத்தண்ணி கொடுத்தவள் என்று, கீழ்வீட்டு றோஸ்மேரி அந்தச் சீனிக் கரண்டியையே ஒரு மாதம் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பங்குச் சுவாமியிடம் சொல்லி ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று ஷெரோன் கெஞ்சினாள்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரடி செத்த பூசை ஒப்புக்குடுக்கிறது?"

"அம்மா, எல்லாரும் சொல்லுகினம்."

"எல்லாரும் சொன்னால்? எல்லாருமோ அவனைப் பெத்தவை?"

வாய் அப்படிச் சொன்னது. நெஞ்சு வேறு சொன்னது. விரிப்புகளை மினுக்கும்போது வெள்ளைத் துணி மேலே விழுந்து மூடுவதுபோல இருக்க, அவள் இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை இருக்கிறானா, இல்லையா. அதைச் சொல்லக்கூடியது அந்தக் கறுத்த போன் மட்டும்தான். திரை செத்தாலும் உள்ளே உயிர் இருந்தது. விசையை அமத்தினால் கிணுக்கென்று சத்தம் வரும். வயர் குத்தும் துளை நொருங்கிப்போயிருந்தது. கடைக்காரன் கழற்றிப் பார்க்கவேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றான். அவள் போனைப் பிடுங்கி மார்புக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த போன் இனி வீட்டுப்படி தாண்டாது என்றாள்.

"அப்ப ஒரு வழிதான் இருக்கு அக்கா" என்றான் அருமைநாதன். "புளூடூத். வயர் தேவையில்லை. காத்துக்குள்ளாலை படங்களை எடுக்கலாம். என்ரை பெட்டியிலை அது இல்லை. ஒரு அடப்டர் வாங்கிக் குத்தவேணும்."

நகத்தளவு அடப்டர் ஒன்றை வாங்கிவந்து கட்டையின் நாலாவது துளையில் குத்தினான். குத்தியதும் அதன் நுனியில் நீல வெளிச்சம் கண் சிமிட்டியது. இரண்டு சிமிட்டு, பிறகு இருட்டு. அவன் கட்டளை எழுதினான். அடப்டர் இருக்கிறது, ஆனால் படுத்திருக்கிறது என்று பெட்டி சொன்னது. எழும்பு என்று எழுதினான். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, காத்திருந்து பார்த்தேன், பதில் இல்லை, நேரம் முடிந்தது என்றது பெட்டி.

"என்னவாம்?" என்றாள் றோசலின்.

"கூப்பிட்டதாம். அது வாய் திறக்கேல்லையாம்."

"மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி."

கடையில் கொடுத்து வேறொன்று மாற்றினான். அதுவும் இரண்டு சிமிட்டுத்தான். லினக்ஸ்காரர் கூடிக் கதைக்கும் இணையப் பக்கத்தில் எழுதிக் கேட்டான். முன்பின் தெரியாத ஒருவர் அதை அழித்துவிட்டு இதைப் போடு என்றார். போட்டான். இன்னொருவர் போட்டதை அழி என்றார். அழித்தான். ஒருநாள் பெட்டியே எழும்பாமல் கிடந்து, அவன் முகம் பாண் மாவாக வெளுத்துப்போனது. மைக்ரோவேவ் பக்கத்தில் இருப்பதால் இருக்கலாம் என்று கேள்விப்பட்டு, றோசலின் அதைத் தூக்கிக் குளியலறை வாசலில் வைத்தாள். ஷெரோன் குளிக்கப்போய்த் தடக்கி விழுந்ததுதான் மிச்சம்.

திரை தெரியாத போனில் விசை அமத்துவது எப்படி? அதற்கும் அருமைநாதன் வழி கண்டான். றோஸ்மேரியின் புருஷன் நீக்கிலாப்பிள்ளையிடம் அதே மாதிரிப் போன் இருந்தது. அதை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, அவன் அதில் அமத்தும் விசையைச் சொல்லச் சொல்ல, றோசலின் மகனுடைய போனில் அமத்துவாள். வேறு ஒருவர் கையிலும் அதைக் கொடுக்கமாட்டாள்.

"நடு விசை."

"ஓம்."

"கீழை."

"ஓம்."

"இன்னும் கீழை."

"ஓம்."

"திரும்ப நடு."

"ஓம்."

மாதா பிரார்த்தனை சொல்வது போலத்தான் இருக்கும். இதைத்தான் றோஸ்மேரி படியில் நின்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, அவன் கீழை கீழை எண்டுறான், இவள் ஓம் ஓம் எண்டுறாள் என்று போய்ச் சொன்னாள். சொன்ன வாய்க்கு என்ன செய்வது?

இப்படியே தவக்காலம் போய்ப் பெரிய வியாழன் வந்தது. அன்று மாலைப் பூசை முடிய, பீடத்துத் துணியெல்லாம் களைந்து, நற்கருணைக்கு முன் எரியும் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். ஆண்டவருடைய விளக்கே அணைந்த பிறகு வீட்டு விளக்கு எரிவது மரியாதை இல்லை. இது றோசலினின் தாய்வழி முறை. வியாழன் இரவு அணைத்து, சனி இரவு உயிர்ப்புத் திருநாளின் பாஸ்காப் பூசையில் புது நெருப்பு எடுத்த பிறகுதான் திரும்ப ஏற்றுவாள். அதை நேர்த்தி முறிவு என்று மாதாவும் எண்ணமாட்டா. போன வருடமும் அப்படித்தான் செய்தாள்.

பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அருமைநாதன் சாப்பிடாமல் கொள்ளாமல் மேசையில் குனிந்திருந்தான். திரும்பிப் பார்த்த முகத்தில் பேயறைந்த களை.

"அக்கா, உதைப் பாருங்கோ."

நீல வெளிச்சம் நின்று எரிந்தது. சிமிட்டவில்லை, அணையவில்லை. பெட்டி அக்கம்பக்கம் தேடிப் பிடித்த போன்களைத் திரையில் எழுதியிருந்தது. இரண்டு பெயர். ஒன்று நீக்கிலாப்பிள்ளையின் போன். மற்றதை அவன் வாசித்துக் காட்டினான். 'றோசலின் மகன்' என்று இருந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். போனுக்குப் பெயர் வைக்கலாம் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அவன் அதற்கு அப்படி ஒரு பெயர் வைத்துக்கொண்டு பாங்கொக் தெருக்களில் திரிந்திருக்கிறான்.

இரண்டு பக்கமும் ஒரே இலக்கம் கொடுக்கவேண்டும் என்றான். அவன் சொல்லச் சொல்ல அமத்தினாள். முதல் தரம் பிழைத்தது. இரண்டாம் தரம் போன் கிணுக்கென்றது, பெட்டி சரி என்றது.

"சோடி சேந்திட்டுது அக்கா. இனி உள்ளை இருக்கிறதை எடுக்கலாம். எடுக்கட்டோ?"

நெருங்கி வந்த நேரத்தில் றோசலின் மேசையைவிட்டுப் பின்வாங்கினாள். ஆண்டவர் செத்த நாள். இன்றைக்குத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்?

"வேண்டாம்" என்றாள். "பெரிய வெள்ளியிலை என்ரை பிள்ளையைத் திறக்க விடமாட்டன். பாஸ்கா முடியட்டும்."

"அக்கா, வேலை செய்யேக்கை எடுத்துப்போடவேணும். இதை நம்பேலாது."

"சொன்னால் சொன்னதுதான் தம்பி."

சனிக்கிழமை அவனுக்கு உயிர்ப்புத் திருநாள் பாண் வேலையில் தலை நிமிரவே நேரமில்லை. இரவு அவள் பாஸ்காப் பூசையிலிருந்து வந்து விளக்கைத் திரும்பக் குத்தினாள். ஞாயிறு மத்தியானம் அருமைநாதன் வந்து இருந்து எழும்பு என்று எழுதினான். இரண்டு சிமிட்டு. இருட்டு.

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். என்ன கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். எலியைக் கழற்றினான், குத்தினான். அடப்டரை நேரே பெட்டியில் குத்தினால் எழுத்துப் பலகைக்கு இடமில்லை. அதையும் செய்து பார்த்துவிட்டு விட்டான். றோசலின் குசினி வாசலில் வெங்காயம் உரித்தபடி அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முதலாவது வயருக்குப் போனது, இரண்டாவதுக்குப் போனது, மூன்றாவது வயரைத் தொடாமல் தாண்டி நாலாவதுக்குப் போனது. திரும்பவும் அப்படியே. கோவிலில் பீடத்தைச் சுற்றிப் போவது மாதிரி அவன் கை அந்தச் சிவப்பு விளக்கைச் சுற்றிச் சுற்றிப் போனது. அது கொம்பியூட்டர்ச் சாமான் என்பதே அவன் நினைவில் இல்லை. அது மாதாவினுடையது.

வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் எரியாமல் இருந்தது எது?

கத்தி கையில் அப்படியே நின்றது. சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அடுத்த நொடி அவன் அதைக் கழற்றிவிடுவான். பிள்ளை போன அன்று நேர்ந்து ஏற்றியது. அது அணைந்து, அதனால் அங்கே அவனுக்கு ஏதும் ஆகிவிட்டால்? எரியவிட்டால் அவன் இருக்கிறானா என்றே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு கிழமை நடந்து திரிந்தாள். சோறு இறங்கவில்லை. மகன் செத்து இப்போதுதான் இவளுக்குச் சுரணை வந்திருக்கிறது என்றாள் றோஸ்மேரி.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், போனின் முதுகு புடைத்திருந்தது. பற்றரி ஊதிவிட்டது. தானாக ஒருதரம் நின்று, அருமைநாதன் எவ்வளவோ நேரம் விசையை அமத்திப் பிடித்த பிறகுதான் திரும்ப எழும்பியது.

"அக்கா, இது இனித் தாங்காது. அடுத்த தரம் நிண்டால் நிண்டதுதான்."

அந்த நேரம் பார்த்து றோஸ்மேரி வாசலில் வந்து நின்றாள். "என்ரை மனிசன்ரை போனைத் தாங்கோ றோசலின் அக்கா. இரவல் வாங்கினால் திருப்பிக் குடுக்கிற பழக்கம் உங்கடை பக்கத்திலை இல்லையோ?"

றோசலின் அவளைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போனாள். சுரூபத்தின் பாதத்தைத் தொட்டாள். "தாயே, உனக்கும் ஒரு பிள்ளை" என்றாள், அவ்வளவுதான். மூன்றாவது வயரைப் பிடித்து இழுத்தாள். விளக்கு போய்விட்டது.

"ஐயோ மாதாவே" என்று றோஸ்மேரி நெஞ்சில் கைவைத்தாள். "நேர்த்தி விளக்கையெல்லோ பிடுங்கிறியள். உங்களுக்கு மூளை பிசகிப்போச்சுது." நீக்கிலாப்பிள்ளையின் போனைத் தட்டிப் பறித்துக்கொண்டு, இரும்புப் படி அதிர அதிர இறங்கி ஓடினாள். செய்தியைச் சூடாகக் கொண்டுபோகவேண்டுமே. இன்னும் கொஞ்சநேரம் நின்றிருந்தால் மிச்சத்தையும் கண்டிருப்பாள். நிற்கவில்லை. அதனால்தான் ஊருக்குப் பாதிக் கதை போனது.

அருமைநாதன் அவள் கையில் பிடித்திருந்த வயரையும் நீல வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வெளிச்சம் நின்று எரிந்தது.

"விளக்கு கரண்டைக் குடிச்சுப்போட்டுது" என்றான் மெதுவாக. "இந்த அடப்டருக்குப் போதாமல் போச்சுது. நான் குத்தின விளக்கு. எனக்கு ஏன் தெரியாமல் போச்சுது அக்கா?"

"பேந்து அழலாம். எடு."

படங்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. ஒரு தெரு. சோற்றுப் பார்சல். ஆரோ ஒருவருடைய மோட்டார்சைக்கிள். ஷெரோன் தாயின் தோளைப் பிடித்தபடி நின்றாள். பிறகு வீடியோ ஒன்று வந்தது. அருமைநாதன் திறந்தான்.

மொட்டைத் தலையோடு ஒருவன் நின்றான். எலும்பும் தோலும். பின்னால் வைக்கோல் கூரை போட்ட பாலன் குடில், நட்சத்திரம், மின்னுகிற சின்னப் பல்புகள். அதற்கும் மேலே ஒரு கோவிலின் பெயர்ப் பலகை.

"அம்மா, நத்தார் வாழ்த்து" என்றான் நிஷான். "மொட்டையைப் பாத்துப் பயப்படாதேங்கோ. காய்ச்சலுக்கு ஆசுப்பத்திரியிலை வழிச்சவங்கள். இப்ப சுகம். என்ரை சிம் வேலை செய்யுதில்லை, மன்னாருக்கும் லைன் கிடைக்குதில்லை. உங்கடை நம்பருக்கு ஒவ்வொரு நாளும் சிநேகிதன்ரை போனிலை அடிக்கிறன். ஒரு பொம்பிளை எடுத்துப் பிரெஞ்சிலை என்னவோ சொல்லுறா. நான் அம்மா எங்கை எண்டு கேக்கிறன். அவ திரும்பவும் அதைத்தான் சொல்லுறா. வீட்டை வேறை ஆக்களோ இருக்கினம்? இதை ஆரிட்டையாவது குடுத்துவிடுறன்."

வீடியோ நின்றது. அருமைநாதன் அதைத் திரும்பவும் முதலிலிருந்து ஓட்டினான்.

கார்த்திகையில் செத்தவன் நத்தார்க் குடிலுக்கு முன்னால் நிற்கிறான். பழைய நத்தாராகவும் இருக்க வழியில்லை. அதற்கு முந்தின நத்தாருக்கு அவன் மன்னாரில், தலைநிறைய மயிரோடு.

"பாலன் குடில்தானே அது?" என்றாள் றோசலின். "எனக்குக் கண் பிழைக்கேல்லையே?"

"குடில்தான் அக்கா."

ஷெரோன் தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டாள். சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரியில் நாள்முழுக்கப் பிரெஞ்சு கதைக்கிறவள் அவள். அந்தப் பொம்பிளை யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கார்த்திகையில் மலிவான கொம்பனிக்கு வீட்டுப் போனை மாற்றியது அவள்தான். பழைய நம்பர் போய்விட்டது. புது நம்பரைச் சொல்ல அண்ணனுக்கு அழைத்தார்கள், அவனுடைய போன் வேலை செய்யவில்லை. எடுக்கலாம், எடுக்கலாம் என்று இருந்துவிட்டார்கள்.

"அது பொம்பிளை இல்லையம்மா. றெக்கோட். இந்த நம்பர் இப்ப பாவனையிலை இல்லை எண்டு சொல்லுற மெசின்" என்று விக்கினாள். "அண்ணை மெசினிட்டை உங்களைக் கேட்டிருக்கிறார்."

றோசலின் மகளைத் திட்டவில்லை. தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். அந்த அழுகையை றோஸ்மேரி கேட்கவில்லை.

ஜெனாட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு வாய் குழறினான். காய்ச்சல்காரன் ஒருவனை அம்புலன்சில் கொண்டுபோனது உண்மை. அவன் சுகமாகித் திரும்பி வந்திருக்கிறான். நத்தார் கழிய பொலிஸ் வந்து விசா இல்லாதவர்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அடுத்துக் குடிவந்தவர்கள் கட்டிலுக்குக் கீழே போனைக் கண்டு, கேள்விப்பட்ட இரண்டு கதையையும் ஒன்றாக்கி, போனவன் செத்தான் என்று முடித்துவிட்டார்கள்.

"நான் பொய் சொல்லேல்லை அன்ரி."

"இல்லையப்பன். கேட்டதைச் சொன்னாய். எல்லாரும் அப்பிடித்தான்."

சுவாமி அந்தப் பெயர்ப் பலகையை வைத்துப் பாங்கொக் கோவிலோடு கதைத்தார். விசா இல்லாமல் தடுப்புக் காவலில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் கன்னியாஸ்திரி ஒருவரிடம் படத்தை அனுப்பினார்கள். பதில் வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. ஆள் இருக்கிறான். ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போட்டின் பெயரில், வேறொருவனாகப் பதிந்து உள்ளே இருக்கிறான். அதனால்தான் யார் தேடியும் நிஷான் என்று ஒருவனும் அகப்படவில்லை. உள்ளே போன் விடமாட்டார்கள். இவன்தான் நிஷான் என்று பத்திரங்களோடு வந்து சொல்ல இரத்த உறவு ஒன்று வேண்டும். படத்தைக் காட்டியபோது அவன் கேட்டது ஒன்றுதானாம்: அம்மா இருக்கிறாவோ?

"இருக்கிறன் எண்டு நேரை போய்ச் சொல்லுறன்" என்றாள் றோசலின்.

ஷெரோன் தான் போவதாகச் சொன்னாள். அருமைநாதனும் சொன்னான். மெட்ரோவில் தனியே ஏறாதவள் பாங்கொக்குக்குப் போவதா என்று சுவாமியே தயங்கினார். வேண்டாம் என்றால் வேண்டாம், போறன் என்றால் போறன். வேலையில் சொல்லிக்கொண்டாள், பாஸ்போட்டை எடுத்தாள், செபஸ்தியாம்பிள்ளையின் பழைய பெட்டியில் துணியை அடுக்கினாள். மகனுக்கு இரண்டு சேட், ஒரு தொப்பி. மயிர் வளர்ந்திருக்கும் என்று ஷெரோன் சொல்லியும் தொப்பியை வைத்தாள்.

அவள் புறப்பட்ட நாள் வைகாசி வெயில். அருமைநாதன் வானைத் தெருவில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்க மேலே வந்தான். மாதாவுக்கு முன்னால் விளக்கு இல்லை. சுவரிலிருந்து வேறு வயர் இழுத்து எரியவிடுகிறேன் என்று அவன் எத்தனையோ தரம் கேட்டும் அவள் விடவில்லை. கட்டையில் நீல வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

படிக்குக் கீழே றோஸ்மேரி நின்றாள். இன்னும் இரண்டு மூன்று பேர் சன்னல் சீலையை விலக்கிக்கொண்டு நின்றார்கள்.

"றோசலின் அக்கா, அந்த விளக்கை ஏத்திப்போட்டாவது போங்கோவன். தூரப் பயணம். மாதா என்ன நினைப்பா?"

"மாதா ஒண்டும் நினைக்கமாட்டா, றோஸ்மேரி. அவ திருவிழாவிலை துலைஞ்ச தன்ரை பிள்ளையைத் தேடி மூண்டு நாள் திரும்பி நடந்தவ. விளக்கு ஏத்திப்போட்டு வீட்டிலை குந்தியிருக்கேல்லை."

அந்தப் பேச்சை மட்டும் றோஸ்மேரி யாருக்கும் சொல்லவில்லை.

றோசலின் செத்துப்போன போனைக் கைப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அந்த இரும்புப் படியில் கால் வைத்தாள். பக்கவாட்டாக இல்லை, நேராக. கம்பியை ஒரு கையால்கூடப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்தவும் மறந்துவிட்டாள். ஷெரோன்தான் ஓடிவந்து, சாத்தாமல், திறந்த கதவில் சாய்ந்துகொண்டு தாய் இறங்குவதைப் பார்த்து நின்றாள்.